இந்த வளை யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

கண்மாய்ப் புறம்போக்கு, மேய்ச்சல் காடு, செம்புறைப் பொட்டல் என்று செட்டிநாட்டில் புல் முளைக்கிற இடமெல்லாம் சிற்றுயிர்கள் குடியிருக்கின்றன. எலி, சுண்டெலி, மூஞ்சூறு, முள்ளெலி பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்புறைச் சரளை மேடு இருக்கிறது. புல் அதிகம் கிடையாது. மேட்டுச் சரிவில் பெருவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் யாரோ பொறுக்கி வைத்ததுபோல் பொடிக் கற்கள் குவிந்திருக்கின்றன. பிள்ளைகள் விளையாட்டா, பாம்பா?
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: இரண்டும் இல்லை. அது முள் சுண்டெலியின் வீடு. அறிவியல் பெயர் மஸ் பிளாட்டித்ரிக்ஸ். முதுகு மயிரோடு தட்டையான மெல்லிய முட்களும் கலந்திருக்கும். வால் உடம்பைவிடக் குட்டை.

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், தென்னிந்திய எலிகளைக் களத்தில் கவனித்துக் குறிப்பு எழுதியவர். இந்தச் சுண்டெலி செம்மண் சரளையில், பெரும்பாலும் மேட்டின் பக்கச் சரிவில்தான் வளை தோண்டும் என்று அப்போதே பதிவு செய்திருக்கிறார். உள்ளே இருக்கும்போது வாசலைப் பொடிக் கற்களால் அடைத்துக்கொள்ளும். உள்ளறையிலும் புல் மெத்தைக்குப் பதிலாகக் கல் பரப்பித்தான் உட்கார்ந்திருக்கும். உங்கள் மேட்டில் இருப்பது அச்சாக அதே அமைப்பு.

உறுதி செய்துகொள்ளத் தோண்ட வேண்டாம். மாலையில் ஒரு குவியலின் மேல் நாலைந்து கற்களில் சுண்ணாம்பால் புள்ளி வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். கற்கள் இடம் மாறியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. வாசலில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தால் வீடு காலி என்று பெரும்பாலும் கொள்ளலாம். நம் ஊர்ப் பாம்புகள் இப்படி வளை தோண்டுவதில்லை. ஆனால் எலி விட்டுப்போன வளையில் குடிபுகும் பழக்கம் உண்டு. அதனால் எந்த ஓட்டையிலும் கையை விடாதீர்கள். அந்த மேட்டிலிருந்து வீட்டு வேலைக்குச் சரளை வெட்டுகிற எண்ணம் இருந்தால், சரிவை விட்டுவிட்டு மேல்பரப்பில் எடுங்கள். அது சரிவில்தான் குடியிருக்கிறது.

கேள்வி: வயல் வரப்பில் உள்ள வளைகளுக்கு முன்னால் கூடைக் கணக்கில் மண் குவிந்து கிடக்கிறது. அரை மைல் தள்ளிப் பொட்டலில் இருக்கிற வளைகள் துடைத்துவிட்டதுபோல் இருக்கின்றன. இரண்டும் ஒரே எலிதானா?
– புதுவயல் வாசகர்

பதில்: வேறு வேறு. வரப்பில் இருப்பது வரப்பெலி, பண்டிகோட்டா பெங்காலென்சிஸ். பெருச்சாளிக்குச் சிறிய உறவு. ஈரமுள்ள, கனத்த, வெட்டினால் சரியாத மண்தான் இதற்கு வேண்டும். தோண்டிய மண்ணை வாசலில் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே போனதும் மண்ணால் வாசலை அடைத்துவிடும். நன்றாக நீந்தும் என்பதால் கண்மாய் நிறைந்தாலும் அதற்குக் கவலையில்லை. கதிர்களை வெட்டி உள்ளறையில் சேர்த்து வைப்பதும் இதுதான். பெரும்பாலும் ஒரு வளைக்கு ஒரு பெரிய எலி. பெண் எலியானால் குட்டிகளும் உடன் இருக்கும்.

பொட்டலில் இருப்பது வெள்ளெலி, டாட்டரா இண்டிகா. மணல் கலந்த செவல் மண், குட்டைப் புல், நடுநடுவே ஒரு ஆவாரையோ சங்கஞ்செடியோ இருந்தால் போதும். குடிநீர் இல்லாமல் விதையிலும் கிழங்கிலும் கிடைக்கிற ஈரத்தை வைத்தே காலம் தள்ளும். அடிவயிறு வெள்ளை, பின்னங்கால் நீளம், உடம்பைவிட நீண்ட வாலின் நுனியில் கருப்புக் குஞ்சம். துரத்தினால் தாவித் தாவி ஓடும். இதன் வளைக்கு வாசல்கள் பல. சில வாசல்களை மண்ணுக்குச் சற்று அடியிலேயே நிறுத்தி வைத்திருக்கும். பாம்போ கீரியோ உள்ளே நுழைந்தால் மெல்லிய மண் மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு அந்த வழியே வெளியேறும்.

இந்த வேறுபாடு தெரியாமல் வளையை எண்ணுகிறவர்கள் கணக்கில் ஏமாந்துபோவார்கள். வழக்கமான முறை, மாலையில் எல்லா வாசலையும் ஈரமண்ணால் அடைத்துவிட்டு மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றை மட்டும் எண்ணுவது. வெள்ளெலிக்கு இது சரிவரும், ஆனால் ஆறு வாசல் திறந்திருந்தால் ஆறு எலி என்று அர்த்தமில்லை. வரப்பெலிக்கு இந்த முறை பாதிதான் பயன்படும். தானே வாசலை அடைத்துக்கொள்கிற எலி அது, நீங்கள் வைத்த மண்ணும் அது வைத்த மண்ணும் காலையில் ஒன்றுபோலத்தான் தெரியும். அங்கே புது மண், ஈரம் காயாத மண், குவியலின்மேல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வரப்பிலேயே விரல் நுழைகிற சிறிய ஓட்டையும், அதன் முன்னால் பொடிப்பொடியான மண்ணும் தெரிந்தால் அது வயல் சுண்டெலி. அறுவடை முடிந்த வயலில் வெடிப்புகளிலும் கல் குவியல்களிலும் ஒண்டியிருக்கும் மிருதுவான மயிர் கொண்ட எலி, புல்லெலி. இது ஒழுங்காக வளை தோண்டாது, கிடைத்த பிளவில் புகுந்துகொள்ளும். மழை வந்து வெடிப்பு மூடிக்கொண்டால் கூட்டமாகச் சாகும். 1826இல் மழை பொய்த்ததும் தப்பிய புல்லெலிகள் பெருகி, விதைத்த விதையையே தின்று தீர்த்ததை எலியட் எழுதியிருக்கிறார். அது கர்நாடகத்தின் தார்வார் பக்கத்துக் கரிசல் மண்ணில் நடந்தது. நம் செவலில் அவ்வளவு ஆழமாக வெடிக்காது, கண்மாய் உட்புறத்துக் களிமண்ணில் வெடிக்கும்.

கேள்வி: முதுகலை விலங்கியல் படிக்கிறேன். கண்மாய்ப் புறம்போக்கிலும் மேய்ச்சல் நிலத்திலும் எந்தச் சிறு பாலூட்டி எந்த மாதிரி இடத்தை விரும்புகிறது என்று திட்டக் கட்டுரை செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது? என்னென்ன அளக்க வேண்டும்?
– தேவகோட்டை மாணவி

பதில்: முதலில் காகித வேலை. நீங்கள் வைக்கிற கூண்டு எலிக்குத்தான் என்றாலும் மூஞ்சூறும் முள்ளெலிக் குட்டியும் கீரிக்குட்டியும் நுழையலாம். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல், மாவட்ட வன அலுவலர் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி, நிலத்துக்கு உரிய ஊராட்சி அல்லது துறையின் கடிதம் ஆகிய மூன்றும் கையில் வந்த பிறகு கூண்டைத் தொடுங்கள். பருவம் தவறிவிடும், எனவே ஆறு மாதத்துக்கு முன்பே எழுதிப் போடுங்கள்.

இடத் தேர்வில்தான் பல கட்டுரைகள் கவிழ்கின்றன. ‘புல்வெளி’ என்று ஒரே ஒரு வகை வைத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்தில் குறைந்தது நான்கு உண்டு: ஆடு மேய்ந்து தரையோடு தரையான அருகம்புல் தரை, முழங்கால் உயர ஊசிப்புல்லும் போதைப்புல்லும் குத்துக்குத்தாக நிற்கும் இடம், சூரை, காரை, சங்கஞ்செடிப் புதர்கள் இடையிட்ட புல், கண்மாய் உள்வாயில் கோரை கலந்த ஈரத்தரை. ஒவ்வொரு வகையிலும் குறைந்தது மூன்று இடம் வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் நடுவே 200 மீட்டராவது இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே எலி இரண்டு இடத்திலும் மாட்டும்.

கூண்டு: மடித்து எடுத்துப் போகிற ஷெர்மன் அலுமினியப் பெட்டி நல்லது. 7.6 × 8.9 × 22.9 செ.மீ. அளவு, சுண்டெலி முதல் வெள்ளெலி வரை பிடிக்கும். பெரிய வரப்பெலிக்கும் பெருச்சாளிக்கும் அது போதாது. கண்மாய்ப் பக்கத்தில் அதனோடு கம்பிவலைக் கூண்டும் சேர்த்து வையுங்கள், அல்லது ‘பெரிய எலி என் கணக்கில் வராது’ என்று கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் மிதிபலகையின் இறுக்கத்தைச் சரிபார்க்காமல் வைத்தால் 10 கிராம் சுண்டெலி உள்ளே போய்த் தின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடும். ஒரு பத்து ரூபாய் நாணயத்தை உள்ளே போட்டுப் பாருங்கள். கதவு விழ வேண்டும்.

வரிசை: 7 × 7, பத்து மீட்டர் இடைவெளி, 49 பெட்டி. அது 60 மீட்டருக்கு 60 மீட்டர் இடம் கேட்கும். கண்மாய்க் கரையோரம் அவ்வளவு அகலம் கிடைக்காது. அங்கே பத்து மீட்டருக்கு ஒன்றாக 20 பெட்டியை ஒரே கோட்டில் வையுங்கள். ஆனால் கட்டத்தையும் கோட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. ஒப்பிடப் போகிற எல்லா இடத்திலும் ஒரே முறைதான் இருக்க வேண்டும்.

இரை: வறுத்த நிலக்கடலைப் பொடி, கம்பு மாவு, சிறிது வறுத்த தேங்காய், உருட்டும் அளவுக்கு நல்லெண்ணெய். கோலிக்குண்டு அளவு போதும். மூஞ்சூறு வேண்டுமென்றால் துண்டுக் கருவாடு. நாய் மோப்பம் பிடித்து வந்து பெட்டியைக் கவ்விக்கொண்டு போகும் என்பதால் கருவாட்டை ஊருக்கு அருகில் தவிர்க்கலாம்.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். எறும்புதான் முதல் எதிரி. இரையைத் தின்றுவிட்டுப் பிடிபட்ட எலியையும் கடிக்கும். எறும்புப் புற்று தெரிகிற இடத்திலிருந்து பெட்டியை ஒன்றிரண்டு மீட்டர் நகர்த்துங்கள், அடியில் அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். எறும்பு மருந்து கூடவே கூடாது. இரண்டாவது வெயில். காலை ஆறு மணிக்குள் எல்லாப் பெட்டியையும் பார்த்து முடித்து மூடிவிட வேண்டும். செவல் தரையில் எட்டு மணிக்கே அலுமினியம் கையைச் சுடும், உள்ளே இருப்பது செத்துப்போகும். மூஞ்சூறு உள்ள இடத்தில் நள்ளிரவிலும் ஒரு சுற்றுப் போக வேண்டும். சில மணி நேரம் பட்டினி கிடந்தால் அது தாங்காது. மூன்றாவது நிலா. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் திறந்த தரையில் நடமாட்டம் குறையும், ஆந்தைக்குப் பயந்து புதரோரமாகவே மேயும். ஒரு இடத்தை அமாவாசையிலும் இன்னொன்றைப் பௌர்ணமியிலும் பார்த்துவிட்டு ‘வெள்ளெலி புதரை விரும்புகிறது’ என்று எழுதினால் அது நிலா சொன்ன முடிவு. எல்லா இடத்தையும் தேய்பிறையின் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு: 49 பெட்டி, 4 இரவு, மொத்தம் 196 பெட்டி-இரவு. ஒன்றும் இல்லாமல் மூடிக்கிடந்தவை 14 என்றால் அதில் பாதியான 7ஐக் கழியுங்கள், 189. புதிதாகப் பிடிபட்டவை 17 என்றால் நூறு பெட்டி-இரவுக்கு 9. இந்த எண்ணைத்தான் இடத்துக்கு இடம் ஒப்பிட வேண்டும். மறுபடி மாட்டியதைத் தெரிந்துகொள்ள இடுப்பிலோ தொடையிலோ மயிரைச் சிறு கத்தரியால் வெட்டி அடையாளம் வைத்தால் போதும், நாலைந்து நாளைக்கு நிற்கும். விரல் நுனியை வெட்டும் பழைய முறையைத் தொடாதீர்கள்.

கட்டுரையின் உயிர் எலியில் இல்லை, பெட்டி வைத்த ஒவ்வொரு புள்ளியிலும் நீங்கள் எடுக்கிற நில அளவில் இருக்கிறது. ஒரு மீட்டர் சதுரச் சட்டம் போட்டுப் புல், வெறுந்தரை, சரளை, உதிர்ந்த சருகு ஆகியவற்றின் சதவீதம். செ.மீ. குறித்த குச்சியை நட்டு 4 மீட்டர் தள்ளி, கண்ணை 1 மீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தி, எந்தக் கோடு வரை புல் மறைக்கிறது என்று நாலு திசையிலும் பார்த்துச் சராசரி. அருகிலுள்ள புதருக்கும் வரப்புக்கும் உள்ள தூரம். மண்ணில் ஒரே தடிமன் கம்பியை ஒரே ஆள் ஒரே பலத்தில் அழுத்தி எத்தனை செ.மீ. இறங்குகிறது என்பது. 5 மீட்டர் ஆரத்துக்குள் சாணமும் ஆட்டுப் புழுக்கையும் எவ்வளவு என்பது, மேய்ச்சல் எவ்வளவு என்று அது சொல்லும். எலி மாட்டிய புள்ளிக்கும் மாட்டாத புள்ளிக்கும் இந்த அளவுகள் எப்படி வேறுபடுகின்றன என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். மாட்டாத புள்ளியை அளக்காமல் விட்டவர்கள் கட்டுரையில் கடைசி அத்தியாயம் எழுத முடியாமல் திண்டாடுவார்கள்.

பங்குனி, சித்திரையில் ஒரு முறை, மழை முடிந்து தையில் ஒரு முறை செய்யுங்கள். ஒரே இடத்தில் உயரப் புல் இருக்கும்போது ஒரு கூட்டம், மேய்ந்து தீர்ந்தபின் வேறு கூட்டம் என்று தெரியும். கையுறை, முழுக்கால் உடை, காலுறைக்குள் சொருகிய கால்சட்டை கட்டாயம். புல்லில் உட்காராதீர்கள். எலியின் மேலும் புதரிலும் இருக்கும் ஒட்டுண்ணிக் குட்டிகளால் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சல் வரும். தமிழ்நாட்டில் அது அரிதும் இல்லை. களவேலைக்குப் பின் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ‘எலி பிடித்தேன்’ என்று மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டின் மூன்றாங்கட்டில் கூகை குடியிருக்கிறது. கீழே கறுப்பாகக் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை வைத்து ஏதாவது காட்டலாமா?
– ஆத்தங்குடி ஆசிரியை

பதில்: தாராளமாக. கூண்டு, அனுமதி, கடி எதுவும் இல்லாமல் சுற்றுவட்டாரத்து எலிகளின் பட்டியலைத் தருகிற பொருள் அது. கூகை எலியை முழுதாக விழுங்கும். எலும்பும் மயிரும் செரிக்காமல் உருண்டையாகி வாய்வழியே வெளியே வரும். மண்டை ஓடு பெரும்பாலும் உடையாமல் இருக்கும்.

வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருந்தாலும் பங்காளிகள் யாரிடமாவது கேட்டுக்கொண்டு போங்கள். குஞ்சு இரைகிற சத்தம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம். முகக்கவசம் இல்லாமல் நுழையாதீர்கள். வௌவால் புழுக்கையின் தூசும் அங்கே இருக்கும். பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போக வேண்டாம், உருண்டைகளை மட்டும் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனிச் செய்தித்தாளில் மடித்துத் தேதியும் இடமும் எழுதி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். எடுத்து வைக்கிற டப்பாவில் ரச உருண்டை (பாச்சை உருண்டை) ஒன்று போடாவிட்டால் அந்துப்பூச்சிப் புழு மயிரைத் தின்று தூளாக்கிவிடும். பிரிக்கிற அன்று வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெள்ளைத் தட்டில் வைத்துச் சாமணத்தால் மயிரை விலக்குங்கள். இடது கீழ்த்தாடை எத்தனை, வலது கீழ்த்தாடை எத்தனை, மண்டை எத்தனை என்று எண்ணி, மூன்றில் எது அதிகமோ அதுதான் குறைந்தபட்ச எண்ணிக்கை. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே எலியை மூன்று முறை எண்ணுவீர்கள்.

அடையாளம் காணக் கைக்கண்ணாடி போதும். பற்கள் இடைவெளியில்லாமல் வரிசையாக, வெள்ளையாக, முன்பல் கொக்கி போல வளைந்திருந்தால் மூஞ்சூறு. அதன் மண்டையில் கன்ன எலும்பு வளைவே இருக்காது. முன்னால் உளிப்பல், பிறகு வெற்றிடம், பிறகு மூன்று கடைவாய்ப்பல் என்றால் எலி வகை. மேல் உளிப்பல்லின் முன்புறத்தில் நெடுக ஒரு பள்ளக்கோடு ஓடுகிறதா பாருங்கள். நகத்தால் தடவினாலே தெரியும். கோடு இருந்து, கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பு குறுக்குத் தகடுகளாக இருந்தால் வெள்ளெலி. அதன் காதுப்புறத்து எலும்பும் குமிழாகப் புடைத்திருக்கும். கோடு இருந்து, கடைவாய்ப்பல் தனித்தனி முகடுகளாக இருந்தால் புதர் எலி, கோலுண்டா எலியோட்டி. பெயரில் இருப்பவர் மேலே சொன்ன அதே எலியட்தான். கோடில்லாமல், அகலமான கனத்த மண்டையும் தகடு தகடான கடைவாய்ப்பல்லும் என்றால் வரப்பெலி. சின்ன மண்டை, முதல் மேல் கடைவாய்ப்பல் மற்ற இரண்டையும் சேர்த்ததைவிட நீளம் என்றால் சுண்டெலி. கோரைப்பல் இருந்தால் அது எலியே இல்லை, வௌவால்.

பட்டியலில் வரப்பெலி மிகுந்தால் கூகை நஞ்சை வயலில் வேட்டையாடுகிறது, வெள்ளெலியும் சுண்டெலியும் மிகுந்தால் பொட்டலில். ஆனால் அந்தப் பறவை ஓரிரு கிலோமீட்டர் பறந்து வேட்டையாடும். எந்தப் புதரடியில் பிடித்தது என்று உருண்டை சொல்லாது. புதருக்குள்ளேயே இருக்கிற எலி குறைவாகவும் திறந்த தரையில் ஓடுகிற எலி கூடுதலாகவும் கணக்கில் வரும்.

கேள்வி: கக்குவான் இருமலுக்கு முள்ளெலியின் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள் என்று ஆச்சி சொல்வார்கள். அந்த முள்ளெலி இப்போது எங்கே இருக்கிறது?
– நேமத்தான்பட்டி வாசகி

பதில்: தென்னிந்தியாவுக்கே உரிய உயிர் அது. பாரேகினஸ் நூடிவென்ட்ரிஸ் என்று 1851இல் ஹார்ஸ்ஃபீல்டு பெயரிட்டார். எலி என்று அழைத்தாலும் எலி இனமில்லை, வண்டும் கரையானும் வெட்டுக்கிளியும் தின்னும் வேறு குடும்பம். அதற்கு வேண்டியது வறண்ட திறந்த நிலம், குட்டைப் புல், ஒதுங்க முட்புதர், தோண்ட இளகின மண். தண்ணீர் நிற்கும் நஞ்சையிலும் அடர்ந்த தோப்பிலும் தேடாதீர்கள். பகலில் புதரடி வளையில் கிடந்துவிட்டு இரவில், முக்கியமாக மழை பெய்து பூச்சி பறக்கிற இரவில், வெளியே வரும். ஆபத்து என்றால் ஓடாது, சுருண்டுகொள்ளும். நரியிடம் பலிக்கிற இந்த உத்தி லாரிச் சக்கரத்திடம் பலிப்பதில்லை. பொட்டல் வழியே போகும் சாலையில் மழை இரவில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

முள் சாம்பல் மருந்தல்ல. கக்குவானுக்குத் தடுப்பூசி பிறந்து 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். பிறகு ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் ஊக்கத் தவணை உண்டு.

கேள்வி: தைலமரக் காட்டுக்குள் எலி இருக்குமா?
– கல்லல் வாசகர்

பதில்: நிழல் கூடிய நடுப்பகுதியில் குறைவு. சருகு மூடிப் புல் விதை இல்லாமல் போகிறது. ஓரங்களிலும், மரம் வெட்டி மறுதுளிர் விடுகிற முதல் ஒன்றிரண்டு வருடமும் வெயில் விழுந்து புல் ஏறும், அப்போது வெள்ளெலியும் புதர் எலியும் வந்து சேரும்.

கேள்வி: ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் பொட்டல் சும்மா கிடக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து ஆயிரம் மரக்கன்று நடப் போகிறோம். சிற்றுயிர்களுக்கும் அது நல்லதுதானே?
– பள்ளத்தூர் இளைஞர் மன்றம்

பதில்: உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நிலம் சும்மா கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவேட்டில் ‘தரிசு’ என்றோ ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்றோ எழுதியிருப்பது வரி வசூலுக்காக. வெள்ளெலி, முள் சுண்டெலி, முள்ளெலி மூன்றுக்கும் வேண்டியது திறந்த வெயில் தரைதான். ஏக்கருக்கு இருநூறு மரம் நட்டு அது வளர்ந்துவிட்டால் இந்த மூன்றும் போய்விடும். மரத்தில் அணில் வரும், அதை நாம் ‘உயிர்கள் பெருகின’ என்று சொல்லிக்கொள்வோம்.

நடுவதற்கு முன் ஒரு மாதம் பொறுங்கள். ஐந்து ஏக்கரையும் இருபது அடிக்கு ஒரு கோடாக நடந்து வளைகளைக் காகிதத்தில் குறியுங்கள். வளைகள் கூட்டமாக உள்ள இடம் பெரும்பாலும் லேசான மேடாக இருக்கும். மழைத் தண்ணீர் நிற்காத அந்த மேட்டைத் தொடாதீர்கள். டிராக்டர் உழவும் மண் அள்ளும் எந்திரத்தில் வெட்டும் நீர்ப்பள்ளமும் அங்கே வேண்டவே வேண்டாம். ஒருமுறை உழுதால் வளைத் தொகுதி முழுவதும் சரிந்துவிடும், அடுத்த மழையில் முதலில் ஏறுவது சீமைக் கருவேலம்.

அந்தக் கருவேலத்தை எடுப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய வேலை. இளஞ்செடிகளை மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு கையால் பிடுங்குங்கள். பெரியவற்றைத் தரைக்குக் கீழே அரையடி தோண்டி வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டுங்கள். மேலாக வெட்டினால் நாலு கிளையாக வரும். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் எடுத்துவிட்டால் புதர் நிழலில் ஒதுங்கும் புதர் எலிக்கும் மூஞ்சூறுக்கும் போக்கிடம் இல்லை. மூன்று வருடமாகப் பிரித்து, எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் சூரை, காரை, சங்கஞ்செடி, ஆவாரை ஆகியவற்றைக் கொத்தாக நடுங்கள். ஒரு கொத்து இரண்டு மூன்று மீட்டர் அகலம், கொத்துக்கும் கொத்துக்கும் 15 முதல் 20 மீட்டர் வெற்றிடம். இந்த இடைவெளிதான் முக்கியம். வெளியில் மேய்ந்துவிட்டு ஆபத்தென்றால் ஓடி ஒளிகிற தூரம் அது. மரம் வேண்டும் என்றே தோன்றினால் எல்லையில் பனை விதை போடுங்கள்.

ஆட்டை முழுக்க விலக்காதீர்கள். மேய்ச்சலே இல்லாவிட்டால் புல் மண்டி, தரையில் விதை தேடுகிற வெள்ளெலி நகர்ந்துவிடும். நிலத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு வருடமும் ஒரு பங்கை மட்டும் கார்த்திகை முதல் தை வரை மேய்ச்சலுக்கு மூடுங்கள், விதை விழட்டும். கோடையில் தீ வைக்கிற பழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வளைக்குள் இருப்பது தீயில் சாகாது, நாலைந்து அங்குல மண்ணே சூட்டைத் தடுத்துவிடும். அடுத்த சில வாரம் ஒளிய ஒரு புல் கூட இல்லாமல் பருந்துக்கும் ஆந்தைக்கும் இரையாகும். புல்லுக்குள்ளேயே கூடு கட்டும் புதர் எலியின் குட்டிகளோ தீயிலேயே போய்விடும்.

கேள்வி: பொட்டலை ஒட்டிய எங்கள் நிலக்கடலைக் காட்டில் வெள்ளெலி புகுந்து காய் முற்றும்போது தோண்டித் தின்கிறது. மருந்து வைக்கலாமா?
– கண்டனூர் விவசாயி

பதில்: பொட்டலில் வைக்காதீர்கள். மயில் தின்றால் சட்டச் சிக்கல், நாய் தின்றால் ஊர்ச் சண்டை, கூகை செத்தால் அடுத்த வருடம் எலி இன்னும் கூடும். சேதம் பெரும்பாலும் ஓரத்துப் பத்துப் பதினைந்து வரிசையில்தான் இருக்கும். அங்கே மட்டும் வேலை செய்யுங்கள். காட்டுக்கும் பொட்டலுக்கும் இடையே 3 மீட்டர் அகலத்துக்குக் களையும் புல்லும் இல்லாமல் செதுக்கி வையுங்கள், வெளிச்சமான வெறுந்தரையைத் தாண்ட எலி தயங்கும். வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் விடாதீர்கள். பருத்த வரப்பில்தான் வளை வைக்கும். காய் பிடிக்கும் முன்பே, பூப்பருவத்தில், வளை வாசலில் தஞ்சாவூர்க் கிட்டி (எலி பிடிக்கும் மூங்கில் வில்பொறி) வையுங்கள். காய் வந்தபின் கிட்டியில் இருக்கிற பொரிக்கு மதிப்பில்லை, காலடியிலேயே விருந்து இருக்கிறதே. கூகை வந்து உட்கார ‘டி’ வடிவக் குச்சிகளைப் பயிருக்கு மேல் தெரிகிற உயரத்தில் நடுங்கள், காய் முற்றியதும் தாமதிக்காமல் அறுவடை செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் அளவு கேட்டு, வளைக்குள் வைத்து மூடுகிற முறையை மட்டும் கையாளுங்கள்.

கேள்வி: காட்டு முயலின் வளையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– கடியாபட்டி வாசகர்

பதில்: கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் நம் ஊர் முயல் வளை தோண்டுவதில்லை. புல் குத்துக்கு அடியில் உடம்பு அளவுக்குத் தரையை அழுத்தி ஒரு படுகை வைத்துக்கொண்டு பகல் முழுவதும் அதில் அசையாமல் கிடக்கும். பின்பக்கம் சற்று ஆழமாக இருக்கும், முன்பக்கம் திறந்திருக்கும். நீங்கள் மிதிக்கிற நெருக்கத்துக்கு வந்த பிறகுதான் எழுந்து ஓடும். பார்ப்பதற்காகக் கேட்கிறீர்கள் என்றால், வேம்பின் நிழலைவிடத் தனியாக நிற்கும் புல் குத்துகளைத் தேடுங்கள், உருண்டையான புழுக்கை அருகில் கிடக்கும். நாயோடும் வலையோடும் போவதற்காகக் கேட்கிறீர்கள் என்றால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.